போலீஸ் வேலைக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மலேசியப் போலீஸ் வேலையைப் பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் அந்தக் கட்டை என்னிடம் தள்ளிவிட்டார். நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 19. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். ஓ.டி. சேர்ந்தால் சம்பளம் பரவாயில்லை. பள்ளியில் போலீஸ் கெடெட்டில் இருந்தேன். கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறேன். லாரி ஓட்டும் அப்பா, "நம்ம பிள்ளைங்களப் பிடிச்சு அடைக்கிற வேலைக்கு நீயும் போகணுமா?" என்கிறார். சபா, சரவாக் பக்கம் அனுப்பிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். நான் போகலாமா, வேண்டாமா?
வாசகர், பாகான் டாலாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, நீங்கள் சீருடையை நினைக்கிறீர்கள், அம்மா தூரத்தை நினைக்கிறார், அப்பா மானத்தை நினைக்கிறார். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முடிவு எடுக்க வேண்டியது அதை வைத்துத்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கான்ஸ்டபிளின் நேரம் பெரும்பாலும் எழுதுவதிலும் காத்திருப்பதிலும்தான் கழிகிறது. துரத்திப் பிடிக்கும் நாள்களும் உண்டு, ஆனால் அவை குறைவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, குற்றத்தைப் பற்றி ஒருவர் வாயால் சொல்லும் முதல் தகவலை எழுத்தில் பதிந்து, அதை அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இது இரண்டு வரி. நிலையத்தின் முகப்பில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பாட்டி நடுங்கிக்கொண்டே தமிழில் சொல்ல, அதை மலாயில் தட்டச்சு செய்ய வேண்டிய நிலையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். அப்படி ஓர் இரவில் எங்கள் நிலையத்தில் இருந்த ஒரு லான்ஸ் கோப்பரல், சுங்கை சிப்புட் பையன், பாட்டி சொன்னதை அவசரமாக அடித்து முடித்துவிடவில்லை. மோட்டார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பின்னால் இருந்தவன் தலைக்கவசம் என்ன நிறம், சங்கிலி அறுந்தபோது பதக்கம் கீழே விழுந்ததா அவன் கையோடு போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு திரையைப் பாட்டி பக்கம் திருப்பி, மலாயில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொன்னான். இரண்டாவது வரியிலேயே பாட்டி, "அந்தப் பக்கம் இல்லப்பா, கோயில் பக்கம்" என்று திருத்தினார். அந்த ஒரு திருத்தத்தால்தான் எந்தக் கடையின் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற வேகத்தைப் பயிற்சியில் கொடுத்துவிடுவார்கள்.

காத்திருப்பது இதைவிடக் கடினம். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்த முதியவர் இறந்து கிடப்பதாக அழைப்பு வரும். விசாரணை அதிகாரி வந்து பார்த்து, சடலத்தை மருத்துவமனைக்கு அனுப்பும் வரைக்கும் அந்த வாசலில் யாராவது நிற்க வேண்டும். நிற்பவர் பெரும்பாலும் நிலையத்திலேயே இளைய கான்ஸ்டபிள்தான். வாடை வரும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், இறந்தவரின் மகன் வந்து உங்களிடம்தான் கத்துவான். நீங்கள் திருப்பிக் கத்தக் கூடாது. பல மாதம் கழித்து லெபோ லைட் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால், புகாரில் எழுதியிருக்கும் நேரமும் நிலைய நாட்குறிப்பில் இருக்கும் நேரமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் கையெழுத்தைக் காட்டிக் கேட்பார். பலருடைய முன்னேற்றம் அடிபட்டுப் போவது இந்தக் கூண்டில்தான் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி அப்பாவின் கேள்வி. அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டும்படியே எழுதுகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2009-இல் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் ஓர் இந்திய இளைஞர் இறந்ததும், அதன் பிறகும் 2013-இலும் 2021-இலும் நம்மவர்கள் காவலில் இறந்த செய்திகள் வந்ததும் நம் சமூகம் மறக்கக்கூடியவை அல்ல. போலீஸ் படையைச் சீரமைக்க அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1-இல்தான். பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரித்து, கண்டறிந்ததை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கோ மற்ற அதிகாரிகளுக்கோ அனுப்பலாம், அவ்வளவுதான். சேவையில் இருந்தவன் என்பதற்காக நான் இதை மறைக்கப் போவதில்லை. அது பல் இல்லாத ஆணையம் என்பதே என் கருத்து.

ஆனால் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். லாக்கப்பில் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு, "அண்ணே, நெஞ்சு அடைக்குது" என்கிறான். அது புரியாமல், நடிக்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் போகிற ஆள் அங்கே இருப்பது நல்லதா, புரிந்துகொண்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிற ஆள் இருப்பது நல்லதா? நம் பிள்ளைகள் யாருமே உள்ளே இல்லாத நிலையத்தில் நமக்கு நியாயம் கூடுதலாகக் கிடைத்துவிடப் போவதில்லை. அதற்காகத் தமிழர் ஒருவர் உள்ளே போனதும் எல்லாம் மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், தம்பி. நீங்கள் இளையவர், மூத்தவர் ஒருவர் செய்யக் கூடாததைச் செய்யும்போது பார்க்க நேர்ந்தால், பார்த்ததை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் துணிச்சல் வேண்டும். மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் சட்டத்துக்குப் புறம்பான கட்டளைக்கு "முடியாது, துவான்" என்று மரியாதையாகச் சொல்வதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒரு தவற்றை மறைக்கச் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் நிலையத்திலும் ஏறக்குறைய அதையேதான் செய்வீர்கள்.

அம்மாவின் பயத்துக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது நடக்கக்கூடியதுதான். இது மத்திய அரசின் படை. பினாங்கில் விண்ணப்பித்ததால் பினாங்கிலேயே வைப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தீபகற்பத்தில் பிறந்தவர்களுக்கு முதல் நியமனமே சபாவிலோ சரவாக்கிலோ கிடைப்பது சாதாரணம். 2013-இல் லாஹாட் டத்துவில் ஆயுதமேந்திய கும்பல் ஊடுருவி, போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் உயிரிழந்த பிறகு, கிழக்கு சபாவுக்கென்றே தனிப் பாதுகாப்பு மண்டலம் அமைக்கப்பட்டது. அங்கேயும் ஆள் வேண்டும். பொது நடவடிக்கைப் படையில் போட்டால் காட்டு எல்லையில் நாள்கணக்கில் இருக்க வேண்டியிருக்கும். கலகத் தடுப்புப் படையில் போட்டால், நாட்டில் எங்கே கூட்டம் கூடினாலும் லாரியில் ஏற வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நீங்கள் நிற்பீர்கள், காவடியோடு அல்லாமல் கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால், கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு. பண்டிகை விடுப்பில் மட்டும் ஓர் ஏற்பாடு எங்களுக்குள் உண்டு: நோன்புப் பெருநாளில் நாங்கள் பணியில் நிற்போம், தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் எங்களுக்காக நிற்பார்கள். பெரிய வழக்கு ஏதாவது வந்து எல்லாருடைய விடுப்பையும் நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

பணத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் ஓரத்தில் அது நிற்கிறது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறைப்படி, அரசுச் சேவையில் அலவன்ஸும் சேர்த்துக் குறைந்தபட்ச மாத வருமானம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. ஓ.டி. நிறைய இருக்கும் மாதத்தில் உங்கள் தொழிற்சாலை இதைவிடக் கூடுதலாகத் தரலாம். நிலையத்தில் வேலை நேரம் நீண்டால், ஒவ்வொரு மணிக்கும் கணக்குப் போட்டு வாங்க முடியாது. மாறாக, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெற்றோருக்கும் அரசு மருத்துவமனைச் சலுகை கிடைக்கும். பணி உறுதியானதும் அரசாங்க வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் குவார்ட்டர்ஸும் உண்டு, அதன் நிலைமை இடத்துக்கு இடம் மாறும், போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஓய்வுக்காலத் திட்டத்தை மட்டும் நேர்முகத்திலேயே கேட்டு, நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அரசுச் சேவையின் ஓய்வூதிய விதிகள் அண்மையில் மாறியிருக்கின்றன. சித்தப்பா காலத்துக் கதையை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. அரசு ஊழியர்களுக்கான 1993-ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகள் உங்களையும் கட்டுப்படுத்தும். அளவுக்கு மீறிக் கடன்பட்டிருப்பதே அந்த விதிகளின்படி குற்றம். சேவையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பெரிய மோட்டார் சைக்கிளும் தனியார் கடனும் எடுத்து, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற பையன்களிடம்தான் காப்பிக் காசு என்கிற லஞ்சம் நீட்டப்படும். கெட்டவனாக இருப்பதால் வாங்குகிறவர்களைவிட, கடனில் இருப்பதால் வாங்கத் தொடங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தகுதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கான்ஸ்டபிளுக்கு வயது பொதுவாக 18 முதல் 28 வரை, ஆண்களுக்குக் குறைந்தது 163 சென்டிமீட்டர் உயரம், உயரத்துக்கேற்ற எடை, நிறக்குருடு இல்லாத கண், குற்றப் பதிவு இல்லாத பெயர். சிறுநீர்ச் சோதனையும் பின்னணிச் சோதனையும் உண்டு. மலாய் மொழிப் பாடத்துக்கு அறிவிப்பில் கேட்டிருக்கும் தகுதி உங்களிடம் இல்லையென்றால், எஸ்.பி.எம். மறுதேர்வில் அந்தத் தாளை எழுதிச் சரிசெய்துகொள்ளலாம். விண்ணப்பம் இணையத்தில்தான். தேர்வானால், நாம் இன்னும் புலாபோல் என்றே அழைக்கிற கோலாலம்பூர் பயிற்சிக் கழகத்திலோ மற்ற பயிற்சி மையங்கள் ஒன்றிலோ ஏறக்குறைய ஆறு மாதம். அணிவகுப்பு, துப்பாக்கி, சட்டம், அதிகாலை ஓட்டம். கெடெட்டில் இருந்தவருக்கு முதல் வாரம் மட்டும் கொஞ்சம் எளிதாக இருக்கும்.

போகலாமா என்றுதானே கேட்டீர்கள்? எழுதுவதிலும் பொறுப்பதிலும் உங்களுக்கு மனம் ஒப்பினால், போகலாம். ஆனால் இப்போதே கான்ஸ்டபிளாகப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்களுக்கு 19 வயதுதான். அப்பாவின் வருமானத்தில் வீடு ஓடுமானால், பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபெராங் பிறை பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் பதவிக்கு விண்ணப்பியுங்கள். அப்போதும் உங்களுக்கு 22, 23-தான் ஆகியிருக்கும். கான்ஸ்டபிளிலிருந்து லான்ஸ் கோப்பரல், கோப்பரல், சார்ஜன், சார்ஜன் மேஜர், சப்-இன்ஸ்பெக்டர் என்று ஏறி இன்ஸ்பெக்டராக எத்தனை பேருக்கு முடி நரைத்துப் போகிறது என்பதை எந்த நிலையத்திலும் காணலாம். வீட்டுக்கு உங்கள் சம்பளம் இன்றே வேண்டுமென்றால் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே படித்துத் தகுதியை உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. கடினம், ஆனால் செய்தவர்கள் இருக்கிறார்கள். எந்த வழியானாலும், நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை தொழிற்சாலை வேலையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகள் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முடிக்கப் போகிறாள். அங்கே சுக்சிஸ் படையில் சேர்ந்ததிலிருந்து இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கணக்காய்வு நிறுவனத்துக்குப் போனால் நல்ல சம்பளம். பெண் பிள்ளை ராத்திரி வேலைக்குப் போவதும், குற்றவாளிகளோடு பழகுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணம் வேறு ஆக வேண்டும். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, புரியவைக்க வேண்டியது யாருக்கு என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கும்போல் தெரிகிறது. சுக்சிஸ் என்பது 2005-இலிருந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடத்தப்படும் போலீஸ் தொண்டர் படை. மூன்றாண்டு சனிக்கிழமைகளில் வெயிலில் அணிவகுத்துவிட்டும் ஒரு பெண் இன்னும் ஆசைப்படுகிறாள் என்றால் அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. இந்நாட்டுப் போலீஸ் படையில் 1955-இலிருந்தே பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் வேலையே நடக்காத இடங்களும் உண்டு: ஒரு பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் கெடாமல், செய்ய வேண்டும் என்பது சட்டம். பாலியல் குற்றங்கள், பெண்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் டி11 பிரிவில், பத்து வயதுப் பிள்ளை வாய் திறந்து பேசுவதற்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கியல் படித்தவள் என்பதால் வணிகக் குற்றப் பிரிவு அவளுக்குப் பொருந்தும். தொலைபேசி மோசடி, போலி முதலீடு, அடையாளம் தெரியாதவர் பெயரில் திறக்கப்பட்ட வங்கிக் கணக்கு என்று இன்று கோப்புகள் குவிவது அங்கேதான். ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் பணம் ஓடிய வழியைத் தேடிப் பிடிப்பது அவள் படித்த படிப்புக்கு நேரான வேலை. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அவள் கையில் இல்லை. முதலில் மாவட்டத் தலைமையகம் ஒன்றில் குற்றப் புலனாய்விலோ போக்குவரத்திலோ போடலாம்.

ராத்திரி வேலை உண்டு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். விசாரணை அதிகாரியின் வாழ்க்கையைக் கடிகாரம்தான் நடத்துகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்பது கூட்டரசு அரசமைப்பின் 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தடுப்புக் காவலை நீட்டிக்கக் கேட்டால், 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு ஏழும் ஏழும். இந்த நாள்களுக்குள் சாட்சிகளைப் பார்த்து, வங்கிக்குக் கடிதம் எழுதி, கோப்பைத் துணை அரசு வழக்கறிஞரிடம் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாவிட்டால் ஆளை விட வேண்டியதுதான். இப்படிப்பட்ட கோப்புகள் ஒரே நேரத்தில் மேசையில் பல கிடக்கும். உங்கள் மகள் வீட்டுக்கு வரும் நேரத்தைவிட, வந்த பிறகும் மனம் கோப்பிலேயே இருப்பதுதான் குடும்பத்துக்குப் பெரிய தொந்தரவாக இருக்கும் என்பது என் அனுபவம். கட்டிக்கொண்டவரைத்தான் கேட்க வேண்டும். என் மனைவி இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்.

கல்யாணத்துக்கு வருகிறேன். போலீஸ் பெண் என்றால் பின்வாங்கும் மாப்பிள்ளை வீட்டார் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்ட வீடு நிச்சயத்துக்கு முன்பே பின்வாங்கிவிட்டால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம். கணவன், மனைவி இருவரும் அரசுச் சேவையில் இருந்தால் ஒரே இடத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்டதும் கிடைத்துவிடாது, ஆனால் கேட்க வழி இருக்கிறது. மகளிடம் வாதாடுவதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள்: கணக்காய்வு நிறுவனம், போலீஸ் இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போலீஸ் தேர்வுக்கு ஆள் எடுக்கும் காலம் வந்து, நேர்முகம், உடற்தகுதி, மருத்துவம், பின்னணிச் சோதனை எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நிறுவன வேலையில் கொஞ்ச காலம் இருந்துபார்த்துவிடுவாள். அப்போதும் புலாபோலுக்குத்தான் போவேன் என்றால், பெட்டியில் கறுப்புக் காலணிக்கு நல்ல பாலிஷ் ஒரு டப்பா சேர்த்து வையுங்கள்.

கேள்வி: இந்தியர்கள் போலீசில் சேர்ந்தாலும் மேலே வர முடியாது, கோப்பரலோடு நின்றுவிட வேண்டியதுதான் என்று பலர் சொல்கிறார்களே, உண்மையா?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பாதி உண்மை. படையில் நம்மவர்களின் விகிதம் நாட்டு மக்கள்தொகையில் நமக்கு இருக்கும் விகிதத்தைவிடக் குறைவு. எண்ணிக்கை குறைவாக இருந்தால் மேலே போகிறவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள். அதைக் காட்டி "வர முடியாது" என்பவர்களுக்குப் பினாங்கை நினைவுபடுத்துகிறேன். 1807 மார்ச் 25-இல் வழங்கப்பட்ட நீதி சாசனத்தின் வழி இந்நாட்டுப் போலீஸ் படை வேர்விட்டது இந்தத் தீவில்தான். ஆண்டுதோறும் மார்ச் 25-ஐப் போலீஸ் தினமாகக் கொண்டாடுவதும் அதனால்தான். அதே பினாங்கின் மாநிலப் போலீஸ் தலைவராக டத்தோ ஏ. தெய்வீகனும், அவரை அடுத்து டத்தோ டி. நரேனசேகரனும் இருந்தார்கள். ஜொகூர் மாநிலப் போலீஸ் தலைவராக இருந்த டத்தோ எம். குமார், 2025-இல் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் குற்றப் புலனாய்வுத் துறையின் இயக்குநரானார். இவர்களைச் சலுகைக்காக யாரும் தூக்கிவிடவில்லை.

ஆனால் இப்பெயர்களைச் சொல்லிவிட்டுக் குறையே இல்லை என்று நான் வாதாடவும் மாட்டேன். கீழ்ப்பதவிகளில் பதவி உயர்வு எல்லா இனத்தவருக்குமே மெதுவாகத்தான் வருகிறது. ஆண்டு மதிப்பீட்டுப் புள்ளியும், காலியிடமும், மேலதிகாரியின் பரிந்துரையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நம்மவர்கள் பலர் தேங்கிப்போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலாவது, மலாயில் அறிக்கை எழுதும் திறமை போதாமை. பேச்சு மலாய் சரளமாக வரும்; ஒரு விசாரணை அறிக்கையைப் பிழையில்லாமல் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். இரண்டாவது, துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது. மூன்றாவது, மாற்றலுக்கு மறுப்பது. சரவாக் போனால் பதவி உயர்வு, இங்கேயே இருந்தால் இல்லை என்ற நிலை வரும்போது, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியை நினைத்து இங்கேயே இருந்துவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பாகுபாட்டின் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: என் தம்பிக்குப் போலீஸ் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் 8,000 வெள்ளி கேட்கிறார். புக்கிட் அமானில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொல்கிறார். பாதியை முன்பணமாகக் கொடுத்தால் போதுமாம். கொடுக்கலாமா?
வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆள் சொல்வது பொய்யானால் பணம் போகும். உண்மையானால் தம்பி சிறைக்குப் போவான், நீங்களும் போவீர்கள். 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். 20 ஆண்டு வரை சிறையும், கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். நீங்கள் சொல்லும் தொகைக்கு ஐந்து மடங்கு 40,000 வெள்ளி. போலீஸ் வேலைக்கு நியமனம் செய்வது அரசமைப்பின் 140-ஆம் பிரிவின்படி அமைந்த போலீஸ் படை ஆணையத்தின் பொறுப்பு. நடுவில் நின்று இடம் வாங்கித் தர யாருக்கும் அதிகாரம் இல்லை.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அழிக்காதீர்கள். தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பேசிய தேதி, நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்கோ, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ போய்ப் புகார் கொடுங்கள். முன்பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தாமதிக்க வேண்டாம், உடனே வங்கிக்கும் தெரிவியுங்கள். தம்பியின் விண்ணப்பத்தை இணையத்தில் அவனே நிரப்பட்டும். அவனுடைய மலாய்த் தாளில் என்ன மதிப்பெண் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.